வராத காமாலையும் ஆறாவது பாட்டும்

எங்கள் தெருவுக்கு அமைதி தருகிறவர்கள் மின்வாரியத்தார்தான். கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் பின்புறம் குடியிருக்கிறோம். இரும்பு உருக்கும் கம்பெனிகள் இரவு பகல் பார்க்காமல் இரைந்துகொண்டே இருக்கும். அந்த இரைச்சலிலேயே சமைத்து, சாப்பிட்டு, சண்டை போட்டுப் பழகியதால் எங்கள் வீட்டில் யாருக்கும் மெதுவாகப் பேச வராது. மாதம் ஒரு நாள், பராமரிப்புப் பணி என்று காலை ஒன்பதிலிருந்து மதியம் இரண்டு வரை கரண்டை நிறுத்துவார்கள். உலைகள் ஓய்ந்துவிடும். அன்றைக்குத்தான் பக்கத்து வீட்டில் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பதே எங்களுக்குத் தெரியவரும்.

என் கணவர் எபினேசர் தன் ஆல்பத்தை இந்தக் கரண்ட் இல்லாத நாட்களில்தான் பதிவு செய்தார். ஆல்பம் என்றால் கீர்த்தனை இல்லை, ஹிப் ஹாப். மூச்சு விடாமல் பேசிக்கொண்டே போகிற பாட்டு. முதன்முதலில் கேட்டபோது, "இது பாட்டா, குழாயடி சண்டையா?" என்றேன். பிறகு பழகியது, பிடித்தும் போனது. பிடித்துப்போனதை அவரிடம் சொல்லவில்லை.

அவருக்கு ரோலிங் மில்லில் வேலை. லாரி லாரியாக வந்து இறங்கும் பழைய இரும்பை உருக்கிப் புதுக் கம்பியாக இழுக்கிற கம்பெனி. ஆல்பத்துக்கு 'ஸ்கிராப்' என்று பெயர் வைத்தது அதனால்தான். முதல் பாட்டு இப்படித் தொடங்கும்:

தூக்கிப் போட்ட தகரம் நானு, துரு ஏறுன கம்பி,
உலையில என்னப் போட்டாரு ஒருத்தர், என்ன நம்பி.

இதைக் கேட்ட அன்று அடுப்படியில் நின்று அழுதேன். அவர் வந்து பார்த்தபோது வெங்காயம் என்று சொல்லிவிட்டேன். சட்டென்று பொய் சொல்லக்கூடிய வாய் எனக்கு. இந்தக் கதையே அந்த வாயால் வந்த வினைதான்.

எங்கள் சபையில் சாட்சி சொல்வதற்கு ஓர் அச்சு உண்டு. நான் பாவியாக இருந்தேன், ஆண்டவர் தொட்டார், அன்றோடு விட்டேன், ஆமென். இரண்டாவது தடவை விழுந்தேன் என்று எழுந்து நின்று சொன்ன ஒருவரை என் முப்பத்திரண்டு வயதில் நான் பார்த்ததில்லை. விழுந்தவர்கள் சபைக்கு வருவதை நிறுத்திவிடுவார்கள். அவர்களைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள்.

மூன்று வருஷத்துக்கு முன் ஆகஸ்ட் மாதம் சபையில் இருபத்தொரு நாள் உபவாச ஜெபம் வைத்தார்கள். அதில்தான் இவர் குடியை விட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. "கொஞ்ச நாள் போவட்டும் ஷைனி" என்று அவர் கெஞ்சியும் கேட்காமல், கடைசி நாளே எழுப்பிச் சாட்சி சொல்லவைத்தேன். சபையே கைதட்டியது. மூன்று நாள் கழித்து, பஸ் ஸ்டாண்டில் விழுந்து கிடந்தவரை ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஏன் வரவில்லை என்று சபையார் கேட்டார்கள். "காமாலை" என்று என் வாயில் வந்துவிட்டது. மறுநாளே பாஸ்டர் சாலமோன் ஒரு பை நிறையக் கீழாநெல்லியோடு வீட்டுக்கு வந்து நின்றார். பாவம் என் கணவர், நான்கு நாள் உப்பில்லாத கஞ்சியும் கீழாநெல்லிச் சாறும் குடித்தார். அடுத்த ஞாயிறு, சுகமானதற்குச் சாட்சி சொல்லச் சொன்னார்கள். வராத காமாலைக்கு அவர் கண்ணீரோடு சாட்சி சொன்னார். கண்ணீர் மட்டும் உண்மை. பாஸ்டர் அதைத் தன் பிரசங்கத்தில் சேர்த்துக்கொண்டு ஆந்திரா வரைக்கும் போய்ச் சொன்னார்.

அதன் பிறகும் மூன்று தடவை விழுந்தார். ஒவ்வொன்றையும் மறைத்தேன். கடைசியாக விழுந்தது ஒரு புனித வெள்ளி. அதற்குப் பிறகு தொடவில்லை. இரண்டு வருஷம் ஏழு மாதம் ஆகிறது.

ஐந்து மாதத்தில் ஐந்து பாட்டு முடிந்தது. ஆறாவது பாட்டுக்கு இந்த நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை கிடைத்தது. அந்த வார ஞாயிறே சபையில் வெளியீடு. ஆறாவது பாட்டின் பெயர் 'சாட்சி'. அதை மட்டும் அவர் எனக்குப் பாடிக் காட்டவில்லை. நானும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை சாயங்காலம் விக்டோரியா வந்தாள். தெருக்கோடி வீடு. அவள் கணவர் அருணாச்சலம் இவரோடு அதே மில்லில் வேலை பார்க்கிறவர். போன வருஷம் ஞானஸ்நானம் எடுத்து, குடியை விட்டு, சாட்சியும் சொன்னவர். இரண்டு மாதமாக அவரைச் சபைப் பக்கம் காணோம்.

"அக்கா, ஞாயித்துக்கெழம ஆராதனை முடிஞ்சதும் திருநின்றவூர் போறேன், அம்மா ஊட்டுக்கு. இனிமே அங்கதான்" என்றாள்.

"இன்னாடி ஆச்சு?"

"திரும்பக் குடிக்கிறாருக்கா. சபைக்கு வான்னா, 'எபி அண்ணனத் தொட்ட மாதிரி ஆண்டவரு என்னத் தொடல. தொட்டிருந்தா அவரு மாதிரி நானும் ஒரே நாள்ல வுட்டிருப்பேன். எனுக்கு ரட்சிப்பு கெடையாது, என்ன வுட்டுடு'ன்றாரு. ஸ்டேஷன்ல போய்க் குந்திக்கினு வர்ற ரயிலு போற ரயிலெல்லாம் பாத்துக்கினு கீறாரு. எனுக்கு பயமா கீதுக்கா. கொழந்தைய வெச்சுக்கினு இத்தப் பாக்க என்னால முடியாது."

நான் அப்போதே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். கையில் கரண்டியோடு நின்றுகொண்டு, "ஜெபம் பண்ணிக்கலாம்டி" என்றேன். அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். அன்றைக்கு என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது.

செவ்வாய் காலை ஒன்பது மணிக்குக் கரண்ட் போனது. மகள் ஜெபா பள்ளிக்குப் போயிருந்தாள். நான் லீவு போட்டிருந்தேன். பூவராகவன் லேப்டாப்பும் மைக்குமாக வந்தான். கவரைப்பேட்டைப் பக்கம் நெல் விளைகிற நிலம் உள்ள குடும்பத்துப் பையன், மில்லில் லேப் டெக்னீஷியன். உருகிய இரும்பில் என்னென்ன எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துச் சொல்கிற வேலை. நெற்றியில் திருமண் இட்டுக்கொண்டு எங்கள் இயேசு பாட்டுக்கெல்லாம் இவன்தான் தாளம் போடுகிறான். பாட்டு நன்றாக இருந்தால் போதும் அவனுக்கு.

பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் மெத்தையை நிறுத்தி, ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டு, அதற்குள் எபினேசரை நிற்கவைத்தார்கள். ஃபேன் கிடையாது. ஐந்தாவது நிமிஷமே சட்டை நனைந்துவிட்டது. வாசலில் நின்று தெருவில் சத்தம் வராமல் பார்த்துக்கொள்வது என் வேலை. முதல் தடவை பாடும்போது கூட்ஸ் ரயில் போனது. இரண்டாவது தடவை, வெங்காயம் விற்கிற டெம்போ ஸ்பீக்கரோடு வந்தது. அந்த ஆளை நான் துரத்திய வேகத்துக்கு அவன் இனி எங்கள் தெருவுக்கு வரமாட்டான். மூன்றாவது தடவைதான் வரிகள் என் காதில் தெளிவாக விழுந்தன.

ஒரே நாளு, ஒரே தொடல், ஒரேயடியா வுட்டேன்,
பாட்டில வீசிப்புட்டு பரலோகத்தத் தொட்டேன்.

நான் வாசலை விட்டு உள்ளே வந்தேன். ஆனால் முதலில் பேசியது நான் இல்லை. பூவராகவன் காதிலிருந்த ஹெட்போனைக் கழற்றினான்.

"எபி, நானும் அஞ்சு மாசமா கேக்கணும்னு நெனச்சுக்கினு கீறேன். உங்க ஆளுங்க யாருமே ரெண்டாவது தபா உழறதே இல்லியா? எங்க சித்தப்பா பதினேழு தபா வுட்டாரு."

"மைக்க ஆன் பண்ணுடா" என்றார் இவர்.

"அவன் கேக்கறதுக்குப் பதில் சொல்லு" என்றேன் நான். வழக்கமாக அவரை நீங்க என்பேன். கோபம் வந்தால் நீ என்று மாறிவிடும். அது அவருக்கும் தெரியும். மெத்தைக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தார்.

"சாட்சின்னா அப்டித்தான் ஷைனி சொல்லுவாங்க."

"அந்தச் சாட்சியக் கேட்டுட்டுத்தான் அருணாச்சலம் ஸ்டேஷன்ல குந்திக்கினு கீறாரு. உன்னியத் தொட்ட ஆண்டவரு அவரத் தொடலியாம். விக்டோரியா நேத்து வந்து அழுதா. ஞாயித்துக்கெழம கொழந்தையத் தூக்கிக்கினு திருநின்றவூர் போறா."

அவருக்கு அது தெரியாது. முகம் மாறிவிட்டது. பிறகு, "நாலு தபா உழுந்தேன்னு பாட்டுல போட்டா சபையில என்ன நிக்க வுடுவாங்களா? கம்பெனில எவனாவது மதிப்பானா? ஜெபா ஃப்ரெண்ட்ஸ் கேப்பாங்களே. பாஸ்டர் அந்தக் காமாலைய ஊரெல்லாம் சொல்லிட்டாரு. அவரு மூஞ்சிய எங்க வெச்சுக்குவாரு? என்னால முடியாது ஷைனி. பயமா கீது" என்றார்.

பயமாக இருக்கிறது என்று என் கணவர் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. கோபம் அப்படியே அடங்கிவிட்டது. எனக்கும் பயமாகத்தான் இருந்தது. பொய்யை ஆரம்பித்தவளே நான்தானே.

"அக்கா, பேட்டரி முப்பத்தோரு பர்சன்ட்" என்றான் பூவராகவன். மணி பன்னிரண்டரை.

எனக்குப் பாட்டு வராது. எனக்கு வருவது ஒன்றே ஒன்றுதான். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் ஆயிரம் ஸ்தோத்திரம் சொல்வோம். சின்னப் புத்தகம். ஆண்டவரைத் துதிக்கிற ஆயிரம் வரி. 'எங்களை வழிநடத்துகிறவரே' என்று ஒருத்தி முன்னால் சொல்ல, மற்றவர்கள் 'ஸ்தோத்திரம்' என்பார்கள். எட்டு வருஷமாக முன்னால் சொல்கிறவள் நான்தான். ஆயிரத்தையும் முக்கால் மணி நேரத்தில் முடித்துவிடுவேன். ஒருநாள் கேட்டுவிட்டு, "எபிய வுட உங்க ஸ்பீடு ஜாஸ்திக்கா" என்று பூவராகவன் கிண்டல் செய்திருக்கிறான்.

மெத்தைக்குப் பின்னால் போய் நின்றேன். மைக் எங்கே என்றுகூடப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தேன்.

"பஸ் ஸ்டாண்டுல உழுந்தவர ஆட்டோவுல ஏத்தறதுக்கு என் கைக்குப் பலம் குடுத்தவரே, ஸ்தோத்திரம். வராத காமாலைன்னு பொய் சொன்ன என் வாய இன்னும் அடைக்காம வெச்சிருக்கறவரே, ஸ்தோத்திரம். வேப்பம்பட்டு கல்யாணத்துல ரெண்டாவது தபா உழுந்தப்போ எங்கள வுட்டு ஓடாதவரே, ஸ்தோத்திரம். ஜெபா பொறந்தநாளு கேக்கோட மூணாவது தபா உழுந்தாரே, அந்த நசுங்குன கேக்க எங்க கொழந்த சிரிச்சுக்கினே தின்னாளே, ஸ்தோத்திரம். பெரிய வெள்ளிக்கெழம, நீரு சிலுவையில தொங்குன நேரத்துல, நாலாவது தபா உழுந்தாரு. சர்ச்சுக்கும் போவாம கதவச் சாத்திக்கினு அவரு பக்கத்துல குந்திக்கினு இருந்தேன். எங்க கூடவே குந்திக்கினு இருந்தவரே, ஸ்தோத்திரம். நாலாவது தபா எழுந்தவரு இன்னும் நிக்கிறாரு, ஸ்தோத்திரம். நாளைக்கு எப்டின்னு எங்களுக்குத் தெரியாது. இன்னிக்கு நிக்கிறாரு, ஸ்தோத்திரம்."

சொல்லி முடித்தபோது எனக்கு மூச்சு வாங்கியது. வெளியே வந்து பார்த்தால் எபினேசர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டிருந்தார். தோள் குலுங்கியது.

"ரெக்கார்டு ஆயிடுச்சுக்கா" என்றான் பூவராகவன். "டிலீட் பண்ணணும்னா சொல்லுங்க."

அது என் கையில் இல்லை. விழுந்தவர் அவர்தான், சொல்லலாமா என்பதை அவர்தான் சொல்லவேண்டும். எனக்குத் தெரிந்து அந்தத் தெரு அவ்வளவு அமைதியாக இருந்ததே இல்லை. கடைசியில் அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"பீட்ட கொஞ்சம் ஸ்லோ பண்ணு, பூவா" என்றார்.

மெத்தைக்குப் பின்னால் போனவர், எழுதிவைத்திருந்த தாளை எடுத்துச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டார். நாலைந்து தடவை முணுமுணுத்துப் பார்த்துவிட்டுப் பாடினார்.

உழுந்தது நாலு தபா, தூக்குனது அஞ்சு,
கணக்குல அவரு வீக்கு, மனசு மட்டும் பஞ்சு.

உபவாச ஜெபத்தில் முதல் தடவை தூக்கியதையும் சேர்த்தால் ஐந்துதானே. எனக்கு அது தோன்றவே இல்லை. அவருக்குத் தோன்றியது. அந்த நிமிஷம் அவர் மேல் எனக்கு இருந்த ஆசையை எழுத வெட்கமாக இருக்கிறது.

கடைசி வரியைப் பாடும்போது, இரண்டு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போதே, கரண்ட் வந்துவிட்டது. மில்லில் சங்கு ஊதியது. உலை இரையத் தொடங்கியது. பாட்டின் முடிவில் அந்த இரைச்சல் பதிவாகிவிட்டது. எடுத்துவிடட்டுமா என்று பூவராகவன் கேட்டான். இருக்கட்டும் என்றார் இவர், தொடக்கத்தில் என் ஸ்தோத்திரம் இருப்பது போலவே.

புதன்கிழமை பாஸ்டர் வீட்டுக்குப் போனோம். பாஸ்டர் சாலமோன் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, போனைக் காதோடு ஒட்டிவைத்துக்கொண்டு, முழுப் பாட்டையும் கேட்டார். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து கேட்டார்.

"சிஸ்டர், அந்தக் கீழாநெல்லிக்கு நான் மழையில தச்சூர் கூட்ரோடு வரைக்கும் போனேன்" என்றார்.

"தெரியும் பாஸ்டர்."

"தடா, சூளூர்பேட்டை, நாயுடுபேட்டை. மூணு ஊர்ல காமாலைய வெச்சுப் பிரசங்கம் பண்ணிட்டேன். நாயுடுபேட்டையில ஒரு பெரிய நைனா தேம்பித் தேம்பி அழுதாரு."

"மன்னிச்சுடுங்க பாஸ்டர். சொன்னது நான்தான். இவரு மேல தப்பு இல்ல."

அவர் போனைத் திருப்பிக் கொடுத்தார். கோபமா வருத்தமா என்று முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "ஞாயித்துக்கெழம போடுங்க. ஆனா பாட்டுக்கு முன்னாடி நான் ரெண்டு வார்த்தை பேசணும்" என்றார். அந்த இரண்டு வார்த்தை என்னவாக இருக்கும் என்று யோசித்தே நான்கு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

ஞாயிறு ஆராதனைக்கு விக்டோரியா வந்திருந்தாள். மடியில் குழந்தை, காலடியில் துணிப் பை. அருணாச்சலம் வரவில்லை. ஐந்து பாட்டுகளைப் போட்டு முடித்தபின் பாஸ்டர் எழுந்தார்.

"மூணு வருஷமா நான் இங்க சொல்லிக்கினு வந்த காமாலை சாட்சி நடக்காத ஒண்ணு. சரியா விசாரிக்காம ஊரெல்லாம் சொன்னேன். அது என் தப்பு. நெசமா நடந்தது இதுல கீது, கேளுங்க" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார்.

ஸ்பீக்கரில் என் குரல் வந்தது. "என் கைக்குப் பலம் குடுத்தவரே, ஸ்தோத்திரம்." எட்டு வருஷப் பழக்கம் லேசில் போகுமா? பெண்கள் பக்கம் அத்தனை பேரும் யோசிக்காமல் "ஸ்தோத்திரம்" என்றார்கள். காமாலைக்கும் சொன்னார்கள். கல்யாணத்துக்கும் சொன்னார்கள். கேக்குக்குச் சொல்லும்போதுதான் எதற்கு ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்பது அவர்களுக்கு உறைத்தது. புனித வெள்ளி வந்தபோது ஒரு சத்தமும் இல்லை. மூன்று பேர் எழுந்து வெளியே போனதையும் பார்த்தேன். மறைக்கவில்லை, இருந்ததைச் சொல்கிறேன். அந்த அமைதியில் ஒரே ஒரு குரல் மட்டும் "ஸ்தோத்திரம்" என்றது. திரும்பிப் பார்த்தேன். விக்டோரியா.

ஆராதனை முடிந்ததும் நேராக என்னிடம் வந்தாள். திட்டப்போகிறாள் என்றே நினைத்தேன். திட்டவும் திட்டினாள். "திங்கக்கெழம ஒருவாட்டி வாயத் தொறந்து சொல்லியிருக்கலாம்லக்கா" என்றாள். நியாயம்தான். பிறகு போனை நீட்டி, "இந்தப் பாட்ட மட்டும் அனுப்புக்கா" என்றாள். பையைத் தூக்கிக்கொண்டு அவள் போனது ஸ்டேஷன் பக்கமா வீட்டுப் பக்கமா என்று கூட்டத்தில் எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலை கம்பெனி பஸ்ஸுக்காக ரோட்டோரத்தில் நின்றிருந்தேன். பிளாஸ்டிக் மூடி செய்கிற கம்பெனியில் எனக்குப் பேக்கிங் வேலை. ஏழரை மணி இருக்கும். அருணாச்சலம் எதிரே வந்தார். முகம் வீங்கியிருந்தது, ஆனால் குளித்துத் தலை வாரியிருந்தார். கையில் விக்டோரியாவின் போன். அப்போதுதான் அவள் ஊருக்குப் போகவில்லை என்று தெரிந்தது.

"அண்ணி, ஒண்ணு கேக்கணும்" என்றார். "பாட்டுல நாலு தபான்னு வருதே, நெசமா? இல்ல பாட்டுக்காகச் சேத்ததா?"

"பாட்டுக்காகச் சொல்றதா இருந்தா ஒண்ணோட நிறுத்தியிருக்க மாட்டேனா? நெசந்தான்."

அவர் போனைப் பார்த்தார், ரோட்டைப் பார்த்தார். பஸ் தூரத்தில் திரும்பிக்கொண்டிருந்தது.

"எனுக்கு இது ரெண்டாவதுதான் அண்ணி" என்றார். சொல்லும்போதே லேசாகச் சிரித்தார். "வெள்ளிக்கெழம ஜெபத்துக்கு ஆம்பளைங்க வரலாமா?"

"வாங்க. யாரும் உங்கள எழுப்பி நிக்க வெச்சு சாட்சி சொல்லச் சொல்ல மாட்டாங்க. நான் பாத்துக்கறேன்."

"கேட்டாங்கன்னா?"

"கேட்டா, ரெண்டாவது தபா உழுந்தேன்னு சொல்லுங்க. ஸ்தோத்திரம்னு நாங்க சொல்றோம்" என்றேன்.

பஸ் வந்து நின்றது. நான் ஏறிக்கொண்டேன். வெள்ளிக்கிழமை அவர் வந்தார்.